எழுத்தின் வழியே கூடுதல் வருமானம்: புதிதாக எழுத வருபவர் எங்கே தொடங்குவது?

அமராவதிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வணிகவியல் பட்டம் பெற்றவள். சம்பளத்தில் குடும்பம் நடந்துவிடுகிறது. ஆனால் மகள் அடுத்த ஆண்டு கல்லூரியில் சேரவிருப்பதால், மாதம் ஐயாயிரம் ரூபாய் அளவுக்காவது கூடுதலாக ஈட்ட முடியுமா என்று யோசித்து வருகிறேன். எனக்குத் தெரிந்த மற்றொரு வேலை எழுதுவதுதான். நாளிதழ் இணைப்பிதழ் ஒன்றில் என்னுடைய சிறுகதையும் சில துணுக்குகளும் வெளிவந்திருக்கின்றன. கதைக்குப் பிரதி ஒன்றை அனுப்பினார்கள், பணம் எதுவும் வரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆங்கிலத்தைச் சரளமாகப் பேச வராது என்றாலும், படித்துப் புரிந்துகொள்வதில் சிரமம் இல்லை. இரவில் பிள்ளைகள் உறங்கிய பிறகு இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

பத்திரிகைகள், அமேசானின் கிண்டில் மின்னூல், கதைச் செயலிகள், மொழிபெயர்ப்பு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவற்றில் என்னைப் போன்ற ஒருவர் எதிலிருந்து தொடங்குவது நல்லது? இன்னொன்றையும் கேட்க வேண்டும். நாவல் பக்கங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தால் மாதம் பதினைந்தாயிரம் ரூபாய் தருவதாகவும், அதற்குப் பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. சிறுகதைத் தொகுப்பு ஒன்றில் என் கதையைச் சேர்ப்பதற்கு வேறொருவர் பணம் கேட்கிறார். இவற்றை நம்பலாமா?

வைகைவாசி

சகோதரிக்கு வணக்கம். நான் அறிந்தது பத்திரிகையும் வானொலியும் என்பதால் அவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சன்மானம் என்பது, பெரும்பாலான இடங்களில், கேட்டால்தான் வரும். கதையின் அடியில் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, பிரசுரமான மாதத்திற்கு அடுத்த மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. எழுத்தாளர் பணம் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே இருக்கும் வரை, கொடுக்க மனமுள்ளவர்களும் மறந்துவிடுவார்கள். அதே வேளையில், சிறுகதைக்கான இடம் மிகவும் சுருங்கிவிட்டது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு ஒரே வார இதழில் பல சிறுகதைகளும் இரண்டு மூன்று தொடர்கதைகளும் வந்த காலம் இருந்தது. 1941இல் தொடங்கிய கல்கி வார இதழே 2020இல் அச்சு வடிவத்தை நிறுத்திக்கொண்டு இணையத்திற்குப் போய்விட்டது. மிஞ்சியிருக்கும் சில பக்கங்களுக்கு வந்து குவியும் கதைகளை நினைத்துப் பார்த்தால், கதை திரும்பி வருவதும் பதிலே வராமல் போவதும் உங்கள் எழுத்தின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது என்பது விளங்கும். சிற்றிதழ்களில் எழுதுவதால் நல்ல வாசகர்கள் கிடைப்பார்கள். ஆனால் அவற்றிடமிருந்து சன்மானம் எதிர்பார்ப்பது நியாயமில்லை, ஏனெனில் அவற்றில் பலவற்றை நடத்துபவர்களே கைக்காசைப் போட்டுத்தான் நடத்துகிறார்கள்.

போட்டிகள் வேறு வகை. கல்கி நினைவுச் சிறுகதைப் போட்டி, தினமலர் வாரமலர் நடத்தும் டி.வி.ஆர். நினைவுச் சிறுகதைப் போட்டி போன்றவற்றில் பரிசு பெறும் கதைக்குக் கிடைக்கும் தொகை, சாதாரணப் பிரசுரத்தின் சன்மானத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதை வருமானமாகக் கணக்கில் வைக்க முடியாது. வந்தால் வரவு, அவ்வளவே. நுழைவுக் கட்டணம் கேட்கும் போட்டிகளுக்கு நான் அனுப்புவதில்லை.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது நீங்கள் பார்க்கும் வேலை. சிறுகதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க விண்ணப்பித்த ஒரு தையல் தொழிலாளியின் மனு ஏன் நிராகரிக்கப்படுகிறது, ஆதாரில் ஒரு விதமாகவும் நிறுவனப் பதிவேட்டில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால் அதை எப்படிச் சரிசெய்வது, சிறிய கடை வைத்திருப்பவர் எப்போது ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டும் என்பதையெல்லாம் தெளிவான தமிழில் எழுதக்கூடியவர்கள் மிகக் குறைவு. அறுநூறு சொற்களில் இப்படி ஒரு கட்டுரையை எழுதி, நிதி சார்ந்த பக்கங்கள் உள்ள இதழ்களுக்கும் நாளிதழ் இணைப்புகளுக்கும் அனுப்பிப் பாருங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்ப வேண்டாம். இரண்டிலும் வெளியாகிவிட்டால் இரண்டு ஆசிரியர்களின் நம்பிக்கையையும் இழந்துவிடுவீர்கள். கோப்பு யூனிகோட் எழுத்துருவில் இருக்கட்டும். இன்னும் பழைய எழுத்துருவில் அடித்து அனுப்புகிறவர்களின் கதைகளை மாற்றிப் படிக்க எந்த உதவி ஆசிரியருக்கும் நேரமில்லை.

அகில இந்திய வானொலியையும் மறந்துவிடாதீர்கள். உங்களுக்குத் திருச்சி நிலையம் அருகில் இருக்கிறது. 1939 முதல் இயங்கி வருவது. பெண்கள் நிகழ்ச்சி, தொழிலாளர் நிகழ்ச்சி போன்றவற்றுக்கு உரை எழுதித் தரவும் பேசவும் வெளியாரை அழைப்பார்கள். என்ன தலைப்பில் பேச முடியும் என்று இரண்டு மூன்று தலைப்புகளையும், ஒரு மாதிரி உரையையும் இணைத்து நிகழ்ச்சிப் பிரிவுக்கு எழுதுங்கள். தொகை பெரிதல்ல, ஆனால் ஒப்பந்தப் படிவம் கொடுத்து முறையாக வங்கிக் கணக்கில் செலுத்துவார்கள்.

மறுகரை

வைகைவாசி ஐயா சொன்னதில் கட்டுரை பற்றிய பகுதியை நான் முழுவதும் ஏற்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் மாதம் ஐயாயிரம் என்று ஒரு தொகையைக் குறிப்பிட்டிருக்கிறார். அந்தத் தொகை மாதந்தோறும் வர வேண்டுமென்றால், நாம் எழுத விரும்புவதை எழுதிவிட்டு வாங்குவோரைத் தேடுவதைவிட, பிறருக்குத் தேவைப்படும் எழுத்தை எழுதிக் கொடுப்பதுதான் வழி. மொழிபெயர்ப்பு, மெய்ப்பு பார்த்தல் (அச்சுக்குமுன் பிழை திருத்துவது), நிறுவனங்களுக்கான கையேடுகள், காணொளிகளுக்கான எழுத்து, துணைத்தலைப்பு ஆகியவை அந்த வகை. இவற்றில் உங்கள் பெயர் வராது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், நீங்கள் கணக்கர் என்பதால். கவனமாக மொழிபெயர்த்து ஒருமுறை திருப்பிப் படித்துக் கொடுக்க ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 250 சொற்கள் முடியும். நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து இரவுகள் என்றால் 2,500 சொற்கள். சொல்லுக்கு ஒரு ரூபாய் என்று வைத்தாலும் வாரத்திற்கு 2,500 ரூபாய், மாதத்திற்குப் பத்தாயிரம். காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. நடைமுறையில் எல்லா வாரமும் வேலை வராது. தொடக்கத்தில் சில மாதங்கள் எதுவுமே வராமலும் போகலாம். வந்த வேலைக்கான பணமும் இன்வாய்ஸ் அனுப்பி முப்பது நாற்பத்தைந்து நாட்கள் கழித்துத்தான் கைக்கு வரும். ஆகவே பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதிதான் நீங்கள் கேட்கும் ஐயாயிரம்.

சொல்லுக்கு இவ்வளவு என்ற விகிதம் மூல மொழிச் சொற்களின் எண்ணிக்கைக்கா, தமிழ்ச் சொற்களின் எண்ணிக்கைக்கா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். தமிழில் ஒரு சொல்லே ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களின் வேலையைச் செய்துவிடுவதால், தமிழ்ச் சொற்களை எண்ணிப் பணம் தருபவரிடம் நாம் கணிசமாக இழப்போம்.

இப்போது மொழிபெயர்ப்பு வேலையை வாங்கித் தரும் முகமைகள் பலவும் இயந்திரம் மொழிபெயர்த்ததை அனுப்பி, அதைத் திருத்தித் தரச் சொல்லி, வழக்கமான விகிதத்தில் பாதியோ அதற்கும் குறைவாகவோ தருகின்றன. இதைக் கேவலமாக நினைத்து விலக வேண்டியதில்லை. ஆனால் சொல் விகிதத்தைப் பார்க்காமல் மணிக்கணக்கைப் பாருங்கள். எளிய அறிவிப்பு என்றால் திருத்துவது விரைவாக முடியும். காப்பீட்டு ஒப்பந்தம் போன்றவற்றில் இயந்திரம் தரும் தமிழ் பார்வைக்கு ஒழுங்காக இருந்துகொண்டே பொருளைத் தலைகீழாக்கியிருக்கும், அதைக் கண்டுபிடிக்கவே புதிதாக மொழிபெயர்க்கும் நேரம் ஆகிவிடும். அப்படிப்பட்ட கோப்பைக் குறைந்த விகிதத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதிரிக்காக 200, 300 சொற்கள் இலவசமாகக் கேட்பது வழக்கம்தான். இரண்டாயிரம் சொற்களைத் ‘தேர்வு’ என்று அனுப்புகிறவர், உங்களிடமும் இன்னும் நான்கு பேரிடமும் துண்டு துண்டாக வாங்கி முழு வேலையையும் இலவசமாக முடித்துக்கொள்கிறார் என்று அறிக.

முதல் வேலையை இணையத்தில் தேட வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் ஊரில் ஏற்றுமதி நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. வெளிநாட்டுக் கொள்முதலாளர்களின் நடத்தை விதிகளையும் பாதுகாப்பு அறிவிப்புகளையும் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது, ஆலை விதிப்படி நடக்கிறதா என்று ஆராயும் தணிக்கையில் பார்க்கப்படும் ஒன்று. அந்தச் சுவரொட்டிகளில் உள்ள தமிழைப் பாருங்கள். ‘அவசர வெளியேற்றம் தடை செய்யப்படக் கூடாதது’ என்ற வகையில்தான் பல இடங்களில் இருக்கும். அதைத் ‘தீ விபத்தின்போது வெளியேறும் வழியில் பொருட்களை வைக்காதீர்கள்’ என்று எழுதித் தருபவர் உள்ளூரிலேயே இருக்கிறார் என்று தணிக்கை ஆலோசகர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். உங்கள் நிறுவனத்திற்கு மட்டும் இதைத் தனி வேலையாகச் செய்யாதீர்கள். வெளியில் செய்வதற்கும் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

இரவுப்பதிப்பு

கிண்டிலையும் கதைச் செயலிகளையும் யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். அமேசான் 2016ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ் மின்னூல்களை அனுமதித்தது முதல், பதிப்பாளர் இல்லாமலேயே நூல் வெளியிடுவது எளிதாகிவிட்டது. பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு, 35 விழுக்காடு, 70 விழுக்காடு என்று இரண்டு வகை. இந்தியாவில் விற்பவற்றுக்கு 70 விழுக்காடு வேண்டுமென்றால், ‘செலக்ட்’ என்ற திட்டத்தில் நூலைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் தொண்ணூறு நாட்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும், உங்கள் வலைப்பூவில்கூட, இருக்கக் கூடாது. பிரதிலிபி என்ற கதைச் செயலியில் தொடராக எழுதிய கதையை நீக்காமல் அப்படியே கிண்டிலில் ஏற்றி எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். சந்தா கட்டிப் படிப்பவர்கள் புரட்டும் பக்கங்களுக்கும் தனியே தொகை உண்டு. பக்கத்திற்கு எவ்வளவு என்பது மாதந்தோறும் மாறும். மாதக் கணக்கு முடிந்து சுமார் அறுபது நாட்கள் கழித்துப் பணம் வங்கிக்கு வரும். செயற்கை அறிவைக் கொண்டு எழுதியதையோ மொழிபெயர்த்ததையோ ஏற்றும்போது அதை அறிவிக்க வேண்டும் என்ற விதி 2023 முதல் உள்ளது.

உண்மையைச் சொன்னால், ஒரு நூலை ஏற்றிவிட்டுக் காத்திருப்பவருக்கு மாதம் சில நூறு ரூபாய் வந்தாலே பெரிது. தமிழ்க் கிண்டிலிலும் செயலிகளிலும் தொடர்ந்து சம்பாதிப்பவர்களில் பெரும்பாலோர் குடும்பக் கதையும் காதல் கதையும் எழுதும் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் இருபது முப்பது நாவல்களும், புதிய அத்தியாயத்திற்காக இரவு பத்து மணிக்குக் காத்திருக்கும் வாசகிகளும் இருக்கிறார்கள். அந்த எழுத்தை ஏளனமாகப் பார்ப்பவர்கள், வாரத்தில் ஐந்து நாட்கள் அத்தியாயம் தவறாமல் எழுதிப் பார்க்கட்டும். உங்களுக்கு அந்த வகையில் விருப்பமும், அவ்வளவு எழுதும் வேகமும் இருந்தால் வாருங்கள். இல்லையென்றால் இதை மூன்றாண்டு, நான்காண்டு முதலீடாகக் கருதி மெதுவாகச் செய்யலாம். மகளின் முதலாண்டுக் கட்டணத்திற்கு இது உதவாது.

வலைப்பூ விளம்பர வருமானத்தைப் பற்றியும் ஒரு வரி: கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழை ஏற்கிறது, ஆனால் நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்பும், தமிழ்ப் பக்கங்களுக்கு அந்த நூறு டாலர் சேர நெடுங்காலம் ஆகும்.

அமராவதிக்கரை

மூவருக்கும் நன்றி. எங்கள் ஆலையின் சுவரொட்டியை இன்று போய் நின்று படித்தேன். மறுகரை அவர்கள் சொன்னதைவிட மோசமாக இருக்கிறது. கிண்டிலை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன். தட்டச்சு வேலை, பணம் கேட்கும் தொகுப்பு ஆகியவை பற்றி யாராவது சொன்னால் நல்லது. மேலும், ஓர் இணையத்தளம் என் கட்டுரைகளைக் கேட்கிறது. ஆனால் ‘எல்லா உரிமைகளும் நிரந்தரமாக எங்களுக்கே’ என்று ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். கையெழுத்திடலாமா?

மூலப்படி

தட்டச்சு விளம்பரத்திற்குப் பதிலே அனுப்பாதீர்கள். பதிவுக் கட்டணத்தோடு அந்த மோசடி முடிவதில்லை. வேலையை முடித்து அனுப்பியதும் பிழைகள் அதிகம் என்று சொல்லி, நீங்கள் கவனிக்காமல் ஒப்புக்கொண்ட விதியைக் காட்டி, அபராதம் கட்டாவிட்டால் வழக்கு என்று வழக்கறிஞர் பெயரில் போலி அறிவிப்பு அனுப்புவார்கள். பயந்து கட்டியவர்கள் ஏராளம். யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யலாம். வேலை தருபவர் வேலை செய்பவரிடம் முன்பணம் கேட்டால் அங்கே வேலை இல்லை.

பணம் வாங்கும் தொகுப்பு நூல் சட்டப்படி மோசடி ஆகாது. ஆனால் அத்தகைய நூலை வாங்குபவர்கள் பெரும்பாலும் அதில் எழுதியவர்களே. வருமானம் தேடும் உங்களுக்கு அது செலவு.

உரிமை பற்றியதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பை எழுதியவரே அதன் முதல் உரிமையாளர்; பதிவு செய்ய வேண்டிய கட்டாயம்கூட இல்லை. பத்திரிகை நிறுவனத்தில் சம்பளத்திற்கு வேலை பார்ப்பவர் பணியின் பகுதியாக எழுதியது வேறு கதை. வெளியிலிருந்து எழுதும் உங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே நீங்கள் எழுதிக் கொடுத்து விடாதவரை உரிமை உங்களிடமே இருக்கும். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு தொகை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு என்பவற்றை அந்த ஆவணம் குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் படிவத்தில் ‘நிரந்தரமாக’ என்ற சொல் மெனக்கெட்டு எழுதப்பட்டிருக்கிறது.

வணிகக் கையேட்டையோ சுவரொட்டியையோ எழுதித் தரும்போது முழு உரிமையையும் கொடுத்துவிடுவதில் இழப்பில்லை. அந்தத் தொகையே அதற்கான விலை. உங்கள் பெயரில் வரும் கட்டுரைகள் அப்படியல்ல. இருபது கட்டுரைகள் சேர்ந்தால் அது ஒரு நூல். அந்த நூலைப் பொது நூலகங்களுக்கு ஒரு பதிப்பாளர் விற்கலாம், வேறு மொழிக்குப் போகலாம், ஒலி நூலாகலாம். ‘முதன்முதலாக இணையத்தில் வெளியிடும் உரிமையும், அதைத் தொடர்ந்து தளத்தில் வைத்திருக்கும் உரிமையும் மட்டும் தருகிறேன், நூல், ஒலி, மொழிபெயர்ப்பு உரிமைகள் என்னிடமே இருக்கும்’ என்று திருத்தி அனுப்பிப் பாருங்கள். பல இடங்களில் அந்தப் படிவம் எங்கிருந்தோ எடுத்து ஒட்டப்பட்டதாகத்தான் இருக்கும். திருத்தினால் மறுக்க மாட்டார்கள். மறுத்தால், கொடுக்கும் தொகை நூலுரிமைக்கும் சேர்த்து ஈடாகுமா என்று பார்த்து முடிவெடுங்கள்.

பழைய ஆங்கிலக் கதைகளை மொழிபெயர்த்து விற்கும் எண்ணம் பின்னால் வந்தால், ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் முடிந்துவிட்டனவா என்று பாருங்கள். முடியாவிட்டால் அனுமதி பெறாமல் வெளியிடக் கூடாது.

தபால்பெட்டி

இடையில் ஒரு கேள்வி. நான் அஞ்சல் துறையில் பணியாற்றுகிறேன். கதை எழுதிச் சன்மானம் பெற முன் அனுமதி வாங்க வேண்டுமா?

மூலப்படி

1964ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகளில் 15ஆம் விதி, பணிக்கு இடையூறு இல்லாமல் அவ்வப்போது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் சார்ந்த வேலைக்கு முன் அனுமதி தேவையில்லை என்று சொல்கிறது. கதைக்கும் கவிதைக்கும் அது பொருந்தும். மாதந்தோறும் முகமைக்கு மொழிபெயர்ப்பது ‘அவ்வப்போது’ ஆகுமா என்பது ஐயத்திற்குரியது. அதற்கு எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி விதிகள் உள்ளன.

அமராவதிக்கரை

மிக்க நன்றி. வரி பற்றி நானே சொல்லிவிடலாம், பிறருக்கும் பயன்படும். எழுத்தில் வருவது சம்பளம் அல்ல, ஆகையால் கணக்கில் தனியே காட்ட வேண்டும். ஒரே நிறுவனம் ஓர் ஆண்டில் தொழில்முறைக் கட்டணமாகத் தரும் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் பத்து விழுக்காடு பிடித்தம் செய்துவிட்டுத் தருவார்கள். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 30,000 ரூபாயிலிருந்து 50,000 ஆக உயர்ந்தது. பிடித்தது நம் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, கட்ட வேண்டிய வரி போக மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். இலக்கிய நூல்களுக்கான ராயல்டியில் 3 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு, பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும்.

வருங்கால வைப்பு நிதி பற்றிய கட்டுரையை எழுதத் தொடங்கிவிட்டேன். தணிக்கை ஆலோசகர் ஒருவரிடமும் பேசினேன். ஒரு பக்க அறிவிப்புக்கு எவ்வளவு என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுகரை

சுவரொட்டிக்குச் சொல் கணக்குப் பார்க்காதீர்கள். நாற்பது சொற்கள்தான் இருக்கும். அவற்றைச் சுருக்கமாகவும் பிழையில்லாமலும் அமைக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒரு பக்கத்திற்குக் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்றை வைத்து, அதில் ஒருமுறை திருத்தம் அடங்கும், அச்சுக்குப் போகுமுன் மெய்ப்பு பார்ப்பதும் அடங்கும், இரண்டாவது திருத்தத்திற்குத் தனிக் கட்டணம் என்று எழுத்தில் அனுப்புங்கள். உங்கள் மணி நேரத்திற்கு 250 ரூபாயாவது நிற்கும்படி தொகையை வைக்கவும். மெய்ப்பை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அச்சகத்தில் எழுத்துரு மாறி ஒற்றெழுத்துகளின் புள்ளிகள் காணாமற்போனாலும் பழி எழுதியவர் மேல்தான் வரும்.